குணமா, கோளாறா? ஆளுமைக் கோளாறுகளைக் கண்டறியும் வழிகள்

"அவன் சுபாவமே அப்படித்தான்", "அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எல்லோருக்கும் ஏதோ ஒரு குணம் தூக்கலாக இருக்கும். அது நோய் ஆகிவிடாது. ஆனால், அந்தக் குணமே ஒருவரை வேலையில் நிலைக்கவிடாமல், உறவுகளை முறித்து, தன்னையே வதைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோனால், அது ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். இளம் பருவத்தில் தலைகாட்டி, வீடு, அலுவலகம், நட்பு என எல்லா இடங்களிலும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது இதன் அடையாளம். துக்க நேரத்தில் வெடிக்கும் கோபமோ தேர்வு நேரப் படபடப்போ இதில் சேராது.

பத்து வகைகள்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-3 கையேடு, ஒவ்வோர் ஆளுமைக் கோளாறுக்கும் அறிகுறிப் பட்டியல் கொடுத்தது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 இவற்றைப் பத்து வகைகளாகவும் மூன்று தொகுதிகளாகவும் பிரிக்கிறது. ஓயாத சந்தேகம், யாரிடமும் ஒட்டாமை, விசித்திரமான எண்ணங்கள் ஆகியவை முதல் தொகுதி. உணர்ச்சிக் கொந்தளிப்பு, பிறர் உரிமையை மதிக்காமை, மிதமிஞ்சிய தற்பெருமை, கவனத்தை ஈர்க்கும் துடிப்பு ஆகியவை இரண்டாவது. அச்சத்தால் ஒதுங்குதல், பிறரையே சார்ந்திருத்தல், அளவு மீறிய ஒழுங்கு ஆகியவை மூன்றாவது.

பட்டியல் இருப்பதால் மருத்துவர்கள் ஒரே மொழியில் பேச முடிந்தது. ஆனால், உணர்ச்சிக் கொந்தளிப்பை அடையாளமாகக் கொண்ட 'பார்டர்லைன்' வகைக்கு உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் 256 விதமான சேர்க்கைகள் வரும். ஒரே பெயர் சூட்டப்பட்ட இருவருக்கு ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். ஒருவரே இரண்டு மூன்று வகைகளில் பொருந்துவதும் சகஜம்.

எவ்வளவு தீவிரம்?

இந்தச் சிக்கலால், உலகச் சுகாதார நிறுவனம் வேறு பாதையை எடுத்தது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-11, பழைய வகைகளைக் கைவிட்டு, பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, தீவிரமா என்பதையே முதலில் கேட்கிறது. இரத்த அழுத்தத்தை 'எவ்வளவு' என்று அளப்பதுபோல, ஆளுமைச் சிக்கலையும் அளவாகப் பார்க்கும் முறை இது. அதன்பின், எளிதில் கலங்கும் மனம், பிறரிடமிருந்து விலகல், பிறர்மீது அக்கறையின்மை, முன்பின் யோசிக்காமை, விடாப்பிடியான ஒழுங்கு ஆகிய ஐந்து பண்புகளில் எவை மேலோங்கியுள்ளன என்பதைக் குறிக்கிறார்கள். 'பார்டர்லைன்' பாங்கை மட்டும் தேவைப்பட்டால் கூடுதலாகக் குறிக்கலாம்.

ஒரே பெண், இரண்டு குறிப்புகள்

கற்பனையாக, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோழி அரை மணி நேரம் வாட்ஸ்அப்பில் பதில் போடாவிட்டால், 'என்னை விட்டுவிட்டாள்' என்று துடிக்கிறார். வரிசையாகச் செய்தி அனுப்புகிறார், திட்டுகிறார், பிளாக் செய்கிறார். இரவில் அழுதபடி மன்னிப்புக் கேட்கிறார். கோபத்தில் இரண்டு வேலைகளை உதறியிருக்கிறார். மனவலி தாங்காத நாட்களில் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார்.

பழைய முறையில் இவருடைய கோப்பில் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு' என்று எழுதுவார்கள். புதிய முறையில், பாதிப்பின் தீவிரம், கலங்கும் மனம், யோசிக்காமல் செயல்படுதல் ஆகியவை இடம்பெறும். எங்கிருந்து சிகிச்சையைத் தொடங்குவது என்பது இந்தக் குறிப்பில் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவதாக, வேரைத் தேடும் பார்வையும் உண்டு. பிறவியிலேயே உணர்ச்சிவசப்படும் இயல்புள்ள குழந்தை, அதன் உணர்வுகளை அலட்சியப்படுத்தும் சூழலில் வளரும்போது இந்தச் சிக்கல் உருவாகிறது என்கிறார் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான்.

டாக்டர் என்ன கேட்பார்?

இதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பேச்சுதான் பரிசோதனை. "நெருங்கிய நட்பு எதுவும் நீடித்திருக்கிறதா? வேலையை ஏன் விட்டீர்கள்? கோபம் தணிந்த பிறகு உங்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்பார். வாய்ப்பிருந்தால் வீட்டாரிடமும் பேசுவார். மனச்சோர்வு, இருதுருவ மனநோய், போதைப் பழக்கம், தைராய்டு கோளாறு, தலைக்காயம் போன்றவை காரணமா என்றும் பார்ப்பார். இந்தச் சித்திரம் ஒரே சந்திப்பில் முழுமையாகக் கிடைப்பது அரிது. வளரும் பிள்ளைகளிடம் கூடுதல் நிதானம் வேண்டும். சமூக விரோத ஆளுமைக் கோளாறைப் பதினெட்டு வயதுக்கு முன் உறுதிசெய்வதில்லை.

குணமாக முடியுமா?

முடியும். லினஹான் உருவாக்கிய டி.பி.டி. போன்ற பேச்சு சிகிச்சைகள், கொந்தளிப்பைக் கையாளவும் உறவுகளைக் காக்கவும் பயிற்சி தருகின்றன. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் 'பார்டர்லைன்' நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்தது தெரியவந்தது. வேலையிலும் உறவிலும் முழுமையாகக் காலூன்றுவதற்குத்தான் கூடுதல் காலம் பிடிக்கிறது.

எனவே, ரீல்ஸ் பார்த்துவிட்டு மனைவிக்கோ மேலாளருக்கோ 'நார்சிசிஸ்ட்' என்று முத்திரை குத்தாதீர்கள். உங்களுக்கு நீங்களே பட்டம் கட்டிக்கொண்டு ஒடுங்கவும் வேண்டாம். உறவுகள் திரும்பத் திரும்ப முறிந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் 1926. இரண்டும் எந்நேரமும் இயங்குகின்றன, தயங்காமல் அழையுங்கள்.