பிள்ளையின் கையில் அளவுக் கருவி: பெயர் முதலா, அளவு முதலா?

தறியும் நிலமும் நம் அங்கத்தினர்களுக்குச் சோறு போடுபவை. இரண்டும் அளவினால் நடப்பவை என்பதை நாம் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஒரு முழம் குறைந்தால் சேலையில் அது தெரிந்துவிடும். வாய்க்கால் மட்டம் இரண்டு விரற்கடை தவறினால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. அளவோடு இத்தனை நெருங்கி வாழும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளிற் பலர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஓர் அளவுக் கருவியை முதன்முதலாக எடுக்கும்போது கை நடுங்கி நிற்பதைக் காண்கிறோம். இது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

காரணங்கள் இரண்டு எனலாம். வீட்டிலும் பட்டறையிலும் கருவி இருக்கிறது. ஆனால், ‘தொடாதே, கெட்டுப்போகும்’ என்ற தடையும் கூடவே இருக்கிறது. இது முதற்காரணம். இரண்டாவது காரணம் பெயர். பட்டறையில் கேட்ட பெயரைப் பள்ளியில் சொன்னால் உடன் படிப்போர் நகைக்கிறார்கள். பள்ளியில் கற்ற பெயரைப் பட்டறையில் சொன்னால் பெரியவர்கள் நகைக்கிறார்கள். இருபுறமும் நகைப்புக்கு ஆளாகும் பிள்ளை வாயையும் மூடிக்கொள்கிறது, கையையும் கட்டிக்கொள்கிறது. நல்ல தொழிலாளி ஒருவரை நாம் இழக்கும் இடம் இதுதான்.

எதை வாங்கித் தருவது?

எட்டு அல்லது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஆறு அங்குல எஃகு அளவுகோல் ஒன்று. ஒரு புறம் மில்லிமீட்டரும் மறுபுறம் அங்குலமும் குறித்ததாக அது இருக்கட்டும். அடுத்தது மூன்று மீட்டர் அளவு நாடா. அதன் முனைக் கொக்கி சற்றே ஆடும். அது குற்றமன்று. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவே அது நகரும்படி செய்திருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் கணக்குச் சரியாக வருவது அந்த ஆட்டத்தினாலேயே. இதை அறியாமல் ஆணியை அடித்து இறுக்கிவிடுவோர் நல்ல கருவியைக் கெடுத்தவர்கள் ஆவர்.

பின்னர் ஒரு சிறிய மூலைமட்டமும், ரசமட்டமும், தூக்குக்குண்டும் தரலாம். இவற்றைத் தரும்போதே, கருவியைச் சோதிக்கும் முறையையும் கற்பித்தல் வேண்டும். நேரான விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அதைப் புரட்டிவைத்து, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. விலகினால், அந்த விலகலில் பாதி கருவியின் பிழை. ரசமட்டத்தையும் இவ்வாறே முனைமாற்றி வைத்துப் பார்க்கலாம். இருமுறையும் குமிழி ஒரே திசைக்கு ஒதுங்கினால் பலகைதான் சாய்ந்திருக்கிறது. திசை மாறினால் கருவியே தவறு. பெரியவர்கள் தரும் கருவியையும் சோதித்தே நம்ப வேண்டும் என்ற பாடம் பிள்ளைக்கு இதனால் கிடைக்கிறது. அது கருவியைக் காட்டிலும் விலையுயர்ந்த பாடம்.

பன்னிரண்டு வயதளவில் வெர்னியர் ஒன்று தரலாம். எண் காட்டும் டிஜிட்டல் கருவி இன்று மலிவாகவே கிடைக்கிறது. எனினும் முதற்கருவி கோடுகள் உள்ளதாக இருப்பதே நலம் என்பது நம் கருத்து. பள்ளிகளில் உள்ள எளிய வெர்னியரில், நகரும் கோலின் பத்துப் பிரிவுகள் நிலைக்கோலின் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சமம். ஆகவே ஒரு பிரிவுக்கு 0.1 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராகிறது என்று பார்த்தால் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கண்ணுக்குப் புலப்படும். இந்த வித்தையைக் கண்டு களிக்காத பிள்ளை அரிது. டிஜிட்டல் கருவி விடையைச் சொல்லும், வழியைச் சொல்லாது. இதன் தாடைகள் கூர்மையானவை. ஓடும் லேத்தில் சுழலும் பொருளை ஒருபோதும் அளக்கலாகாது. இவ்விரண்டையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெயர்ச் சண்டைகள்

இனிப் பெயர்களுக்கு வருவோம். லேத் பட்டறைகளில் எந்த நழுவு தாடைக் கருவியையும் ‘வெர்னியர்’ என்றே அழைக்கிறார்கள். ‘வெர்னியர் என்பது அந்தச் சிறு அளவுகோலின் பெயர், அது இல்லாத டிஜிட்டல் கருவியை வெர்னியர் என்பது பிழை, காலிப்பர் என்றே சொல்ல வேண்டும்’ என்று படித்தவர்கள் வாதிக்கிறார்கள். வாதம் சரியே. ஆயினும் பட்டறையில் ‘அந்த வெர்னியரை எடு’ என்றால் தவறான கருவி வருவதில்லை.

வெர்னியர் என்ற பெயருக்கே ஒரு சண்டை உண்டு. பியேர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631-இல் இந்த நகரும் அளவுகோலை விளக்கி நூல் வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1542-இல், போர்த்துகீசியக் கணித அறிஞர் பெத்ரோ நூனெஸ் நுண்ணளவு காண வேறொரு முறையை எழுதியிருந்தார். அவர் பெயரின் லத்தீன் வடிவத்தைக் கொண்டு ஜெர்மானியர் இன்றும் இதனை ‘நோனியஸ்’ என்கிறார்கள். திருகினால் அளக்கும் மைக்ரோமீட்டருக்கு 1848-இல் காப்புரிமை பெற்றவர் பால்மர். பிரான்சில் அக்கருவிக்கே ‘பால்மர்’ என்று பெயர். ஒரு கருவிக்கு நாட்டுக்கு ஒரு பெயர் இருப்பதால் அந்நாடுகளின் இயந்திரங்கள் ஓடாமல் நின்றுவிடவில்லை.

தமிழிலும் அப்படியே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘வெர்னியர் அளவி’, ‘திருகு அளவி’ என்கின்றன. இலங்கைத் தமிழ் மாணவர்கள் ‘வேணியர் இடுக்கி’, ‘திருகுக் கணிச்சி’ என்று படிக்கிறார்கள். நம்மவர் ‘மீச்சிற்றளவு’ என்பதை அவர்கள் ‘இழிவெண்ணிக்கை’ என்பர். நம் ‘சுழிப்பிழை’ அங்கே ‘பூச்சிய வழு’. பழந்தமிழில் கணிச்சி என்பது மழுவையும் குந்தாலியையும் குறித்தது. அச்சொல் இன்று மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கிறது! தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென்று ராஜாஜி முதலியோர் சேலத்தில் சங்கம் அமைத்தது 1916-இல். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்த வேலை முடிவுறவில்லை. உயிருள்ள மொழியில் அது முடிவுறுவதும் இல்லை.

ரசமட்டத்தைப் பாருங்கள். ‘உள்ளே பாதரசம் இல்லை, சாராய வகைத் திரவமே இருக்கிறது, ஆகவே பெயர் தவறு’ என்பார் உண்டு. ரசம் என்ற சொல் சாற்றையும் குறிக்கும் என்று மற்றவர் விடை கூறுவர். இருவரும் வாதிட்டுக் கொண்டிருக்கட்டும். குமிழி நடுவில் நிற்கிறதா என்று பிள்ளை பார்க்கட்டும்.

விட்டுக்கொடுக்கலாகாத இடங்கள்

அப்படியானால் எந்தப் பெயரை எப்படிச் சொன்னாலும் ஒன்றுதானா? அன்று. நாம் ஓர் உரைகல்லை வைத்துக்கொள்வோம். பெயர் மாறினால் அளவு மாறுமா? மாறாது எனில் சண்டை வேண்டாம். மாறும் எனில் அங்கே ஓர் எழுத்தும் விட்டுக்கொடுக்கலாகாது.

முதலாவது, ‘நூல்’. நெசவாளர்க்கு நூல் என்றால் இழை. தச்சருக்கும் கம்பி கட்டுவோருக்கும் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஆங்கிலம் வழங்கும் நாடுகள் 1959-இல் உறுதி செய்தன. அக்கணக்கில் மூன்று நூல் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் ஆகும். கடையில் அதற்கு ஈடாகக் கிடைப்பதோ 10 மில்லிமீட்டர் கம்பி. இந்த அரை மில்லிமீட்டரை அறியாமல் துளையிட்டால் கம்பி நுழையாது.

இரண்டாவது, குழாய். அரை அங்குல இரும்புக் குழாயைப் பிள்ளை வெர்னியரால் அளந்தால் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அரை அங்குலமோ 12.7 மில்லிமீட்டர், உள்விட்டமும் அதைவிடப் பெரிது. பிள்ளை அளந்தது தவறன்று. ‘அரை அங்குலம்’ என்பது அக்குழாயின் பெயர். அதன் அளவு அன்று. ஆனால் 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் அந்த 63 வெளிவிட்டமேயாகும். பம்புக்கு இணைப்பு வாங்கச் செல்லும் உழவர், ‘இது பெயரா, அளவா?’ என்று கேட்கத் தெரிந்தவராயிருந்தால் இருமுறை நடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நூலின் நம்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தி நூலின் நம்பர். ஆகவே நாற்பதாம் நம்பர் இருபதாம் நம்பரை விட மெல்லியது. பட்டிலும் செயற்கை இழையிலும் வழங்கும் டெனியரோ, 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பது. அங்கே எண் கூடினால் இழை தடிக்கும். இரண்டையும் வெறுமனே ‘நம்பர்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை நாளை கொள்முதலில் ஏமாறும்.

நான்காவது, மைக்ரோமீட்டர். இது கருவிக்கும் பெயர், அலகுக்கும் பெயர். அலகு என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் பழம்பெயரான ‘மைக்ரான்’ 1967-இல் உலக அளவை மாநாட்டினால் விலக்கப்பட்டது. பட்டறைகளில் மட்டும் அது விலகவில்லை. பொதுவான மைக்ரோமீட்டர் கருவியின் ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர், அதாவது பத்து மைக்ரோமீட்டர். ஒரு பிரிவை ஒரு மைக்ரோமீட்டர் என்று எண்ணினால் பத்து மடங்கு பிழை. இங்கே மட்டும் பழைய மைக்ரான், குழப்பம் நீக்கும் நண்பனாகவே இருக்கிறது.

ஐந்தாவது, நுட்பமும் துல்லியமும். தாடைகளை மூடியபோதே 0.3 மில்லிமீட்டர் காட்டும் ஒரு வெர்னியர், ஒரே பொருளை ஐந்து முறை அளந்தாலும் ஒரே விடை தரலாம். அளவு மாறாமல் வருவது நுட்பம்; உண்மையோடு ஒத்திருப்பது துல்லியம். அக்கருவியில் முன்னது உண்டு, பின்னது இல்லை. இவ்விரு சொற்களையும் ஒன்றாக எண்ணுபவர், ‘ஐந்து முறையும் இதுதான் வந்தது’ என்ற மன நிறைவோடு தவறான வேலையைச் செய்து முடிப்பார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு குடும்பமும் எல்லாக் கருவிகளையும் வாங்குதல் இயலாது. வாங்க வேண்டுவதும் இல்லை. ஒருவருக்கு அரிதானது பலர் கூடினால் எளிதாகும் என்பதற்காகத்தானே கூட்டுறவு? சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி வையுங்கள். அளவுகோல், நாடா, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, வெர்னியர் இரண்டு, மைக்ரோமீட்டர் ஒன்று அதில் இருந்தால் போதும். நூலகத்திலிருந்து நூல் எடுத்துச் செல்வது போலப் பிள்ளைகள் பெயரெழுதிக் கருவி எடுத்துச் சென்று திருப்பித் தரட்டும். சிறுமிகளின் பெயர்களும் அந்தக் குறிப்பேட்டில் சிறுவர்களின் பெயர்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தறிமேடையில் பெண்களின் உழைப்பு எவ்வளவு என்பதை நாம் அறிவோம்.

பெட்டிக்கு மேலே சுவரில் ஓர் அட்டவணை தொங்கட்டும். முதற்பத்தியில் பட்டறைச் சொல், இரண்டாவதில் பாடநூற் சொல், மூன்றாவதில் வேற்றூர்ச் சொல். நான்காம் பத்தியில், ‘பெயர் மாறினால் அளவு மாறுமா?’ என்ற கேள்விக்கு விடை. இதனைப் பிள்ளைகளே எழுதட்டும். தச்சரிடமும் லேத் தொழிலாளியிடமும் ஆசிரியரிடமும் கேட்டு நிரப்பட்டும். கேட்கும்போது பிழைபடச் சொன்னால் பெரியவர்கள் நகைக்காமல் திருத்த வேண்டும் என்பது ஒன்றே நாம் விதிக்கும் நிபந்தனை.

ஒரு பொருளுக்கு மூன்று பெயர் தெரிந்த பிள்ளை மூன்று இடங்களில் பிழைக்கத் தெரிந்த பிள்ளை. பெயரே தெரியாமல் அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவற்றை ஒரு மாலைப்பொழுதில் கற்பித்துவிடலாம். பெயர் மட்டும் தெரிந்து கருவியைத் தொட்டறியாத பிள்ளைக்கோ, கையைப் பழக்க ஆண்டுகள் ஆகும். ஆகவே இம்மாதச் சங்கக் கூட்டத்திலேயே அந்தப் பெட்டிக்கு வேண்டிய தீர்மானத்தைக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.