அளவுகோலும் அளக்கப்படும் வேலையும்

திருப்பரங்குன்றத்தில் தெற்கே செல்லும் ரயிலேறினால், திருமங்கலத்தைக் கடந்து சற்று நேரத்தில் விருதுநகர் வந்துவிடும். வேலையை எவ்வாறு அளப்பது என்பதில் அந்த ஜில்லாவின் அனுபவத்தை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். அக்கேள்வி கலெக்டர் கச்சேரிக்கு மட்டும் உரியதன்று. தறிக்காரருக்கும் மல்லிகை பயிரிடுவோருக்கும் உரியது.

2018 ஜனவரியில் மத்திய அரசு, பின்தங்கிய ஜில்லாக்களுக்கென ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் விருதுநகரும் இராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. 49 குறியீடுகள் வகுக்கப்பட்டன. நூறு மதிப்பெண்ணில் சுகாதாரத்துக்கும் ஊட்டத்துக்கும் 30, கல்விக்கு 30, வேளாண்மைக்கும் நீர்வளத்துக்கும் 20, எஞ்சியது பிறவற்றுக்கு. (விவசாயிக்கு ஐந்தில் ஒரு பங்குதானா என்று நம்மவர் முணுமுணுக்கலாம், அதில் நியாயம் இல்லாமலில்லை.)

இதில் போற்றத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. யார் உயரத்தில் நிற்கிறார் என்பதன்றி, முன்பிருந்த நிலையிலிருந்து எவ்வளவு ஏறினார் என்பதே தரவரிசைக்கு அடிப்படை. ஆகவே பள்ளத்தில் இருப்பவருக்கும் முதலிடம் எட்டக்கூடியதாயிற்று. 2018 டிசம்பரில் வெளியான இரண்டாவது வரிசையில் விருதுநகரே முதலில் நின்றது. அவ்வரிசைக்கு, ஜில்லா அதிகாரிகள் அனுப்பிய கணக்கு மட்டும் போதாதென்று, வெளியார் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்களும் கொள்ளப்பட்டன. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவது முறையாகாதல்லவா?

இலக்கு வெறும் எண்ணிக்கையாய் நின்றால் விளையும் கேட்டையும் நாடு கண்டிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் ஊழியருக்கு இத்தனை அறுவைச் சிகிச்சை என்று விதித்த முறை, 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில், குறிப்பாக வடக்கே, பலவந்தமாக முடிந்தது. அத்தகைய இலக்குகளை 1996 ஏப்ரலில்தான் மத்திய அரசு நாடெங்கும் கைவிட்டது.

நம் தொழிலுக்கு வருவோம். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி, சேலைத் திட்டத்துக்கு நோக்கங்கள் இரண்டு: ஏழைக்கு உடை, நெசவாளருக்கு இடையறாத வேலை. பொங்கலுக்குள் இத்தனை சேலை என்னும் கணக்கு முதல் நோக்கத்தை மட்டுமே அளக்கும். இரண்டாவதை அளக்க, தறி ஆண்டில் எத்தனை நாள் ஓடியது, நெய்து கொடுத்த எத்தனையாம் நாளில் கூலி கைக்கு வந்தது என்னும் விவரங்கள் வேண்டும். பூ விவசாயிக்கும் அப்படியே: கொள்முதல் எத்தனை கிலோ என்பதோடு, கழிவு போக அவர் கையில் நின்ற விலை என்ன என்பதும் தெரியவேண்டும்.

பொதுக்குழுவில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, உற்பத்தி மீட்டரையும் விற்பனை ரூபாயையும் கேட்டதோடு அமைந்துவிடாமல், இக்கணக்குகளையும் அங்கத்தினர்கள் கேட்கலாம். அறிக்கையில் அவற்றுக்கு இடமில்லையெனில், அடுத்த ஆண்டு முதல் சேர்க்குமாறு தீர்மானம் கொண்டுவரலாம்.