வாசிப்போரை இழந்த தீவு

பசுபிக் சமுத்திரத்தின் தீவுகளைப் பற்றி எழுந்த நூல்கள் மிகப் பல. கடலோடிகள் எழுதியவை, சமயத் தொண்டர் எழுதியவை, மரஞ்செடிகளையும் பறவைகளையும் ஆராய்ந்தோர் எழுதியவை, மண்ணை அகழ்ந்து பழமை தேடினோர் எழுதியவை என அவை ஒரு பெரிய நூல்நிலையத்தையே நிரப்ப வல்லன. அவற்றுள்ளே ஒரு சிறு தீவைப் பற்றிய நூல்கள் தனியாக வைத்து எண்ணத்தக்கன. அத்தீவின் மக்கள் தமக்கெனக் குறியீடுகளை வகுத்து, மரப்பலகைகளிற் பொறித்து வைத்தனர். இன்று அப்பலகைகளை வாசிக்க வல்லார் உலகில் ஒருவரும் இலர். தன் கதையைத் தன் ஏட்டிலிருந்து சொல்லும் வாய்ப்பை இழந்த ஓர் இனத்தின் கதையைப் பிறர் எவ்வாறு சொன்னார்கள், எங்கே தவறினார்கள் என்பதை அறிய இந்நூல்கள் பெரிதும் உதவுவன.

அத்தீவு ராப்பா நுயி. ஐரோப்பியர் அதற்கு இட்ட பெயர் ஈஸ்டர் தீவு. தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையிலிருந்து மேற்கே 3,500 கிலோமீற்றருக்கும் அப்பால், மூன்று எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்த முக்கோண நிலம் அது. பரப்பு ஏறத்தாழ 164 சதுர கிலோமீற்றர். ஆறு இல்லை, எரிமலை வாய்களில் தேங்கிய நீரும் கரையோர ஊற்றுகளுமே உள்ளன. இச்சிறு நிலத்தில் நின்றும் வீழ்ந்தும் முடிவுறாது கிடந்தும் காணப்படும் கற்சிலைகள் ஏறத்தாழ 1,000. மோஆய் என்று தீவார் வழங்கும் இவை முன்னோரின் உருவங்கள். பெரும்பாலானவை ரானோ ரராக்கு என்னும் எரிமலைச் சரிவிலேயே செதுக்கப்பட்டன. செதுக்கப்பட்ட இடத்திலேயே முடியாது கிடக்கும் ஒன்றின் நீளம் 21 மீற்றர் வரையில் இருக்கும்.

தீவைக் கண்டு எழுதிய ஐரோப்பியருள் முதல்வர் ஒல்லாந்தக் கடலோடியான யாக்கோப் ரொகவீன். 1722ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் திருநாளன்று, அவர் தீவைக் கண்டார். பெயரும் அதனால் வந்தது. கரையிறங்கிய அவருடைய ஆட்கள் சுட்டதில் தீவார் பலர் மாண்டனர். தீவார் சிலைகளின் முன் தீ மூட்டி வணங்கியதைக் குறித்து வைத்த ரொகவீன், அச்சிலைகள் களிமண்ணாற் செய்யப்பட்டவை என்று எழுதினார். கல்லைக் களிமண் என்று கருதிய அப்பிழை, தீவைப் பற்றிய எழுத்தில் நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம்.

1774இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் குக் அங்கே சில நாள் தங்கினார். அவருடன் சென்ற ஜோர்ஜ் போஸ்ரர் 1777இல் வெளியிட்ட பயண நூல் தீவின் வறண்ட நிலத்தையும் மக்களின் இயல்பையும் விரித்துரைக்கின்றது. அக்கப்பலில் மகினே என்னும் பொலினீசிய இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் பொராபொரா தீவினன். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கிழக்கே கிடந்த அத்தீவின் பேச்சை அவன் ஓரளவு விளங்கிக்கொண்டான். தீவார் மேற்கேயிருந்து வந்த பொலினீசியரின் வழியினர் என்பதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டியதில்லை. எனினும் பின்வந்தோர் பலர் இதனைப் போதிய அளவு மதித்திலர்.

பேரிழப்பு 1862ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. பெரு நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பல்கள், தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் பிடிக்கும் நோக்குடன் தீவை அடைந்தன. சில மாதங்களுள் ஏறத்தாழ 1,500 பேர் கவர்ந்து செல்லப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. அரச குடும்பத்தவரும் பலகைகளை ஓத வல்ல கல்விமான்களும் அவர்களுள் அடங்குவர். பெருவில் நோயால் மடிந்தவர் எண்ணிறந்தோர். பிற நாடுகளின் கண்டனத்தால் எஞ்சியோரைத் திருப்பி அனுப்ப இணங்கினர். வழியிலும் பெரும்பாலோர் இறந்தனர். ஊர் மீண்ட மிகச் சிலரோடு வைசூரியும் கரையேறிற்று. 1864இல் அங்கே சென்ற பிரெஞ்சுச் சமயத் தொண்டர் எய்ரோ, குறியீடு பொறித்த பலகைகள் வீடுதோறும் இருந்தன என்று எழுதினார். பலகைகள் இருந்தன, வாசிப்போர் இல்லாதொழிந்தனர். நோயும் குடிபெயர்வும் தொடர, 1877இல் தீவில் எஞ்சியிருந்தோர் 111 பேரே.

ரொங்கோரொங்கோ எனப்படும் அப்பலகை எழுத்து விந்தையானது. பறவை, மீன், மனிதன், செடி முதலிய வடிவங்கள் வரிவரியாய்ச் செல்லும். ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியைத் தொடங்குதல் வேண்டும். உழுகின்ற எருது வரப்பண்டை திரும்பி வருவது போன்ற முறை அது. எஞ்சியுள்ள பொருள்கள் முப்பதிற்கும் குறைவு. அவையும் உரோமாபுரி, இலண்டன், சென் பீற்றர்ஸ்பேர்க், சந்தியாகோ முதலிய நகரங்களின் காப்பகங்களிலும் நூதனசாலைகளிலும் உள்ளன.

1914இல் ஆங்கிலப் பெண்மணியான கதரின் ரூட்லெட்ஜ், கணவருடன் சொந்தப் பாய்க்கப்பலில் தீவை அடைந்து, 1915 வரை தங்கினார். அவர் 1919இல் வெளியிட்ட ‘ஈஸ்டர் தீவின் மர்மம்’ என்னும் நூல் மற்றவற்றினும் மேலான சிறப்புடையது. ஏனெனின், அவர் கற்களை அளந்ததோடு அமையாது முதியோரையும் தேடிச் சென்றார். தீவைச் சேர்ந்த யுவான் தெப்பானோ என்பவர் அவருக்கு மொழித்துணையாய் நின்றார். ஒரோங்கோ என்னும் செங்குத்துக் குன்றின் உச்சியிலிருந்து இறங்கி, சுறா உலவும் கடலை நீந்தி, மோத்து நுயி என்னும் பாறைத்தீவில் மனுதரா என்ற கடற்பறவை இடும் முதல் முட்டையைக் கொணரும் போட்டியை அந்நூல் விவரிக்கின்றது. முட்டையைப் பெற்ற தலைவன் ஓராண்டுக்குப் பறவை மனிதனாய்ப் போற்றப்படுவான். அத்தலைவர்களின் பெயர் வரிசையை முதியோர் வாய்மொழியாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்த தோமெனிக்கா என்னும் முதியவர் சில குறிகளைக் கடதாசியில் வரைந்து காட்டினார். அவற்றின் பொருளை ஐயமறப் பெறுமுன் அவர் இறந்துபோனார். ரூட்லெட்ஜ் சில ஆண்டுகள் முந்தியிருந்தால் எத்துணை விளங்கியிருக்கும் என்று எண்ணாது அப்பகுதியைக் கடத்தல் அரிது.

வாசிக்க முடியாத எழுத்தும் பேசாத கற்களும் கற்பனைக்கு இடங்கொடுத்தன. 1932இல் பரிசில் வாழ்ந்த ஹெவெசி என்னும் அறிஞர், ரொங்கோரொங்கோவும் சிந்துவெளி எழுத்தும் ஒன்றுக்கொன்று உறவுடையன என்றார். மொகெஞ்சதாரோ முத்திரைகளுக்கும் அப்பலகைகளுக்கும் இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலான காலமும் பாதி உலகமும் கிடக்கின்றன. 1934இல் தீவுக்குச் சென்று ஆராய்ந்த அல்பிரெட் மெத்ரோ அவ்வுறவை மறுத்தார். உருவங்கள் சில ஒத்திருத்தலால் மட்டும் எழுத்துகள் உறவாகிவிடா.

அவரினும் பெரும்புகழ் பெற்றவர் நோர்வே நாட்டவரான தோர் ஹயர்டால். 1947இல் பெருவிலிருந்து கொன்ரிக்கி என்னும் மரத்தெப்பத்தில் 101 நாள் மிதந்து ராரோயா பவளத்தீவை அடைந்தார். அதனை விவரித்த நூல் பல மொழிகளிற் சென்றது. 1955இல் ஈஸ்டர் தீவுக்கு அகழ்வாராய்ச்சியாளரை அழைத்துச் சென்று, ‘அக்கு அக்கு’ என்னும் நூலையும் எழுதினார். அவருடன் சென்ற வில்லியம் முல்லோய் பின்னர் வீழ்ந்த சிலைகளை மீள நிறுத்தியது நிலைத்த தொண்டாகும். ஆயினும் சிலை வடித்தோர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தோர் என்ற ஹயர்டாலின் கொள்கை நிலைபெறவில்லை. மொழியும் அகழ்வும் மரபணுவும் பொலினீசியரையே காட்டுகின்றன. தெப்பம் மிதக்க வல்லது என்பதை அவர் நிறுவினார். அத்தெப்பத்திலேதான் மக்கள் வந்தனர் என்பதை நிறுவினாரில்லை. பொலினீசியருக்கும் தென்னமெரிக்கருக்கும் பண்டே தொடர்பு இருந்தது உண்மையே. தென்னமெரிக்காவிற்குரிய வற்றாளைக்கிழங்கு தீவில் விளைந்தது அதற்கொரு சான்று.

2005இல் அமெரிக்கரான ஜாரெட் டயமண்ட் எழுதிய ‘வீழ்ச்சி’ என்னும் நூல் தீவுக்கு வேறொரு பெயரைப் பெற்றுத்தந்தது. ஒரு காலத்தில் தீவெங்கும் பனையினத்து மரங்கள் செறிந்திருந்தன என்பதைச் சேற்றிற் படிந்த மகரந்தம் காட்டுகின்றது. தீவார் காட்டை அழித்தனர். பஞ்சமும் போரும் வந்தன. ஐரோப்பியர் வருமுன்னரே மக்கள்தொகை சரிந்தது என்பது டயமண்டின் வாதம். உலகிற்கே எச்சரிக்கையாக அக்கதை பள்ளிகள்தோறும் சொல்லப்பட்டது. 2011இல் ரெரி ஹன்ற், கார்ல் லீப்போ என்னும் இருவர் எழுதிய நூல் அதனை மறுத்தது. குடியேறியவர்களோடு வந்த எலிகள் மரவிதைகளைக் கொறித்ததும் காடழிவுக்குக் காரணம் என்றனர். சிலையை மரத்தில் உருட்டத் தேவையில்லை என்பதைக் காட்ட, 4 தொன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலையொன்றை 18 பேர் மூன்று கயிறுகளால் இருபுறமும் அசைத்து, நடப்பதுபோல் நகர்த்தினர். சிலைகள் தாமே நடந்தன என்று தீவின் முதியோர் சொல்லிவந்ததைக் கேட்டோர் முன்னர் நகைத்ததுண்டு.

2024இல் 15 பழைய தீவாரின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணு ஆராய்ச்சி வெளிவந்தது. 1600களில் மக்கள்தொகை பெருஞ்சரிவு கண்டதற்கு அதில் அறிகுறி இல்லை. 1860கள் வரை தொகை வளர்ந்தே வந்தது. மரம் அழிந்தது மெய். ஆனால் மரமற்ற நிலத்திலும் தீவார் கற்களைப் பரப்பி ஈரத்தைக் காத்துக் கிழங்கு விளைவித்து வாழ்ந்தனர். அவர்களைக் குலைத்தது அவர்கள் ஏந்திய கோடரி அன்று. கடலில் வந்த கப்பலும் நோயும்.

ஒரு நூலின் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. தம்மைத் தாமே அழித்துக்கொண்டவர்கள் என்ற சொல், கவர்ந்து செல்லப்பட்டோரின் பேரர்களுக்குச் சூட்டப்பட்டது. கவர்ந்தவர்களின் பெயரோ மறைந்தது. 1888இல் சிலி தீவைத் தன்னோடு இணைத்தபின், தீவார் நெடுங்காலம் ஹங்கா ரோவா என்னும் ஒரே ஊரின் எல்லைக்குள் அடைக்கப்பட்டனர். மற்ற நிலம் ஆட்டு மந்தைக்கு விடப்பட்டது. குடியுரிமை முழுமையாய்க் கிட்டியது 1966இலேதான். இவற்றையும் கூறாத நூல் தீவின் வரலாற்றைப் பாதியே கூறிற்று.

ஆகவே தொலைதூரத் தீவொன்றைப் பற்றிய நூலைக் கையிலெடுப்போர், ஆசிரியர் அங்கே எத்தனை நாள் தங்கினார், எவர் சொல்லைக் கேட்டார், எவர் மீது பழி வைத்தார் என்று வினவுதல் நன்று. 1978இல் தீவின் மைந்தரான செர்கியோ ராப்பு, அனக்கேனா கரையில் நடந்த அகழ்விற் கிடைத்த பவளத்துண்டுகள் சிலைகளின் கண்களே எனத் தெளிவுபடுத்தினார். அதுவரை எழுதியோர் பலர் வெறுங்குழிகளையே கண்டிருந்தனர். ரொங்கோரொங்கோ மட்டும் இன்னமும் மௌனமாயிருக்கின்றது. உரோமாபுரியிலுள்ள பலகையொன்றின் மரம், ஐரோப்பியர் வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வெட்டப்பட்டது என 2024இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. குறியீடுகள் எப்போது பொறிக்கப்பட்டன என்பதை மரம் சொல்லாது. ராப்பா நுயியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவாயினும், ராப்பா நுயி எழுதிய நூல் இனித்தான் வாசிக்கப்படல் வேண்டும்.