ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் தலைநகரமாகிய ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 7,800 கிலோமீட்டர் என்று கணித சாஸ்திரம் கூறும். சுவரில் தொங்கும் தட்டையான தேசப்படத்தை நம்பி நேர்கோடு இழுப்பவருக்கு மங்கோலியப் பக்கமாகப் போவதே குறுக்கு வழி என்று தோன்றும். ஆனால் உலக உருண்டையின்மீது ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாலோ, அது வடக்கே வளைந்து சைபீரியாவின் பனிநிலங்களைக் கடந்து செல்வது புலப்படும். மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, இவ்வழியை ஒன்பதரை மணியில் கடந்துவந்தது.

இன்று அதே பிரயாணத்துக்குச் சுமார் பதின்மூன்று மணி பிடிக்கிறது. உக்ரைன் யுத்தம் மூண்ட 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய தேசங்கள் ருஷ்ய விமானங்களைத் தடை செய்ய, ருஷ்யாவும் 36 தேசங்களின் விமானங்களுக்குத் தன் ஆகாயத்தை அடைத்துவிட்டது. இது புதிய சங்கடமும் அன்று. சோவியத் அரசு சைபீரிய வானத்தை அந்நியருக்குத் திறவாதிருந்த காலத்தில், 1957-இல், ஸ்காண்டிநேவிய விமானங்கள் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டே டோக்கியோவை அடைந்தன. 1983-இல் ஃபின்ஏர் நிறுவனத்தின் டிசி-10 விமானம் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு எங்கும் இறங்காமலே ஜப்பான் சேர்ந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிறுவனம் அதே துருவ மார்க்கத்துக்குத் திரும்ப நேர்ந்தது. துருவத்தைக் கடந்தமைக்கு அத்தாட்சிப் பத்திரம் வழங்கிப் பிரயாணிகளைச் சமாதானப்படுத்தியது வியாபார சாதுரியந்தான்.

அரசர்களுக்கு அடுத்தபடி அதிகாரம் செலுத்துவது காற்று. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் உயர்வானப் பிரவாகம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம் கொள்ளும். 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்தறிந்த வசபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானிய நிபுணர், உலகமெல்லாம் வாசிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு எஸ்பெராண்டோ பாஷையில் தம் அறிக்கையை வெளியிட, அதனாலேயே உலகத்தில் அநேகமாக ஒருவரும் அதை வாசியாமற் போயினர்! இன்றைய விமானிகளோ, ஜப்பானுக்குப் போகையில் இக்காற்று பின்னின்று தள்ளுமாறு துருக்கி, மத்திய ஆசியா வழியாகத் தெற்கு மார்க்கத்தையும், திரும்புகையில் அதன் எதிர்ப்புக்கு ஒதுங்கி வட துருவ மார்க்கத்தையும் பெரும்பாலும் தெரிந்துகொள்கிறார்கள்.

பயணச்சீட்டில் காணும் நேரத்தைக் கொண்டு இதையெல்லாம் கணக்கிடப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். டோக்கியோவின் கடிகாரம் குளிர்காலத்தில் ஏழு மணியும் கோடையில் ஆறு மணியும் முந்தி ஓடுவதால், குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு ஹெல்சிங்கியை விட்டவர் மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கு இறங்குவார். திரும்பும்போது இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, பதின்மூன்று மணி பறந்தும், விடியற்காலை நான்கு மணிக்கே ஹெல்சிங்கி சேர்ந்துவிடுவார்.