திரையில் காணாமல் போகும் பட்டியல்: காரணமும் தீர்வும்

மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் பட்டியலும் வலப்பக்கம் மடலும் தெரிகின்றன. நடுவில் ஒரு மெல்லிய கோடு. அதை மவுஸால் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் சுருங்கும். சிறிய வசதிதான். ஆனால் கவனமின்றி அமைத்தால், தகவல்களே அழிந்துவிட்டன என்று பயன்படுத்துபவர் பதறும் நிலை வரும்.

டெஸ்க்டாப் மென்பொருள் உருவாக்க உதவும் 'கியூட்' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இவ்வசதியைத் தருவது 'கியூஸ்பிளிட்டர்'. பகுதிகளை வரிசையாகச் சேர்த்தால் போதும். இடையில் கோடு தானாக வந்துவிடும்.

சிக்கல் எங்கே?

ஒரு சந்தாதாரர் பதிவேடு என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் விவரங்கள். கியூஸ்பிளிட்டரின் இயல்பான அமைப்பில், கோட்டை ஓரம்வரை தள்ளினால் ஒரு பகுதி முற்றிலும் மறைந்துவிடும். ஊழியர் கைதவறித் தள்ளிவிட்டால் பெயர்ப் பட்டியலே இருக்காது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய கோடு கண்ணில் படுவதும் அரிது.

பயனரின் வசதிக்காக, மூடும்போது 'சேவ் ஸ்டேட்' மூலம் அளவுகளைச் சேமித்து, திறக்கும்போது 'ரீஸ்டோர் ஸ்டேட்' மூலம் மீட்பது வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் மறைந்த நிலையும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. எனவே மூடித் திறந்தாலும் பட்டியல் திரும்பாது!

என்ன செய்யலாம்?

1. பட்டியலுக்குக் குறைந்தபட்ச அகலம் கொடுத்து, 'செட் கொலாப்சிபிள்' மூலம் அந்தப் பகுதி மறைவதைத் தடுக்க வேண்டும். இதைப் பகுதியைச் சேர்த்த பிறகும், பழைய நிலையை மீட்பதற்கு முன்பும் செய்ய வேண்டும். எல்லாப் பகுதிகளுக்குமான பொது அமைப்பை மட்டும் முன்னதாக மாற்றுவது போதாது. அதுவும் பழைய நிலையோடு சேமிக்கப்பட்டிருப்பதால், மீட்கும்போது பழையபடி ஆகிவிடும்.

2. பட்டியலின் 'ஸ்ட்ரெட்ச் ஃபேக்டர்' 0, விவரப் பகுதிக்கு 1 என அமைத்தால், சாளரத்தைப் பெரிதாக்கும்போது கூடுதல் இடம் விவரங்களுக்கே போகும்.

3. மெனுவில் 'பழைய தோற்றம்' என்றொரு வழி வைத்து, 'செட் சைஸஸ்' மூலம் தொடக்க அளவுகளைத் திருப்பித் தரலாம்.

அரபு, உருது போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குத் திசையை மாற்றினால், முதல் பகுதி வலப்பக்கம் வந்துவிடும். அங்கும் இழுத்துச் சோதிப்பது அவசியம்.

கோட்டை நகர்த்தும் உரிமை பயனருக்கு வேண்டும். அவர் கைதவறினால் திரும்பி வரும் வழியையும் நாம்தான் வைத்திருக்க வேண்டும்.