பலகையில் பிடிபடாத கண் கோளாறு

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மீட்டர் தள்ளி எழுத்துப் பலகை. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு கண்ணால் படிக்க வேண்டும். பிறகு கை மாறும். வரிகளைத் தடுமாறாமல் படித்துவிட்டால் ‘பார்வை நல்லா இருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். கிட்டப்பார்வையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை போதும். ஆனால் கண்களைத் தனித்தனியாகத்தான் அது அளக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பது அதில் தெரியாது.

அங்கே குறை இருந்தால் தொல்லை வேறு உருவத்தில் வரும். சாயங்காலமானால் நெற்றி வலி, படிக்கும்போது ஒரே வரியில் மறுபடி மறுபடி வந்து விழுவது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, கூட்டத்தில் நடந்தால் கிறுகிறுப்பு. பிள்ளைக்குப் ‘படிக்கச் சோம்பேறித்தனம்’ என்ற பட்டம் கிடைக்கும். பெரியவர்களுக்கோ ‘பித்தம்’, ‘பிரஷர்’, ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ என்று பெயர் மாறிக்கொண்டே போகும்.

பார்த்தவுடன் தெரிகிற மாறுகண் வேறு. இது மறைந்திருக்கும் விலகல். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. பன்னிரண்டும் ஒத்துழைத்தால்தான் இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் நிற்கும். மயிரிழை விலகல் பெரும்பாலோருக்கு உண்டு. மூளை அதை ஓசையில்லாமல் சரிக்கட்டிவிடுகிறது. விலகல் கூடும்போதோ, உடல் சோர்ந்திருக்கும்போதோதான் அந்த உழைப்பு வலியாக வெளியே தெரிகிறது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இரண்டு கயிற்றை இரண்டு கூட்டம் இழுக்கும். ஒரு பக்கம் பின்தங்கினால் அந்தப் பக்கத்து ஆட்கள் மூச்சுப்பிடித்து ஈடுகட்டுவார்கள். வலை நேராகவே கரையேறும், தோள்வலி மட்டும் அவர்களுக்கு.

கிட்டத்தில் பார்க்கும்போது சுமை அதிகம். தூரத்துப் படகைப் பார்க்கும் கண்கள் நேராக நிற்கும். 40 சென்டிமீட்டரில் உள்ள எழுத்தைப் பார்க்க இரண்டும் மூக்கின் பக்கம் திரும்பியாக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை, சுமார் 60 கிலோமீட்டரும் மின்சார ரயிலில் செல்போனைப் பார்த்தபடி போகிறவர்கள், மகேந்திரா சிட்டியிலும் சிறுசேரியிலும் நாள் முழுக்கத் திரை முன் உட்காருகிறவர்கள், மாமல்லபுரத்துப் பட்டறைகளில் சிலையின் நகை வேலைப்பாட்டைக் குனிந்து செதுக்குகிறவர்கள் எல்லோருடைய கண்களும் மணிக்கணக்கில் இப்படி உள்நோக்கித் திரும்பியே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது? சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஜமீல் ரிஸ்வானா ஹுசைன்தீன் குழுவினர் நகரப் பள்ளிகளிலும் கிராமப் பள்ளிகளிலும் 7 முதல் 17 வயது வரையான 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, இரு கண்களின் ஒருங்கிணைப்பிலோ குவியத்தை மாற்றுவதிலோ குறை உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர். கண்கள் உள்நோக்கிப் போதிய அளவு திரும்பாத குறை மட்டும் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு இருந்தது. நகரம், கிராமம் என்று பெரிய வித்தியாசம் இல்லை.

தலைவலி சரி, தலைசுற்றல் ஏன்? உடல் நிலையாக நிற்க உள்காது, கண், தசை, மூட்டு எல்லாம் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. கண் தரும் தகவல் தடுமாறினால் மற்றவற்றோடு கணக்கு ஒத்துப்போகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புகள் ஜன்னலோரம் வேகமாக ஓடும்போது சிலருக்குக் குமட்டுவதற்கு இந்த முரண்பாடும் ஒரு காரணம்.

பக்கவாட்டு விலகலைக் கண்கள் ஓரளவு தாங்கும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்ற விலகலைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. இந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியே வில்லனாகலாம். 5 பவர் கண்ணாடியில் ஒரு பக்கம் வில்லையின் மையம் 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் அந்தக் கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். பவர் சரியாக இருந்தும் புதுக் கண்ணாடி தலையைச் சுற்றவைத்தால், முதலில் பிரேம் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா, வில்லையின் மையம் கண்மணிக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

சோதனைகள் எளியவை. ஒரு கண்ணை மூடித் திறந்து, மூடிய கண் நகர்ந்து திரும்புகிறதா என்று பார்ப்பது ஒன்று. ஆங்கிலேய மருத்துவர் மேடாக்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய வரிவரியான சிவப்புக் கண்ணாடி இன்னொன்று. அதன் வழியே பார்த்தால் பொட்டு வெளிச்சம் சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு வெளிச்சத்தை விட்டு எவ்வளவு விலகுகிறதோ, கண்ணின் விலகலும் அவ்வளவு.

சிகிச்சையில் தெளிவான ஆதாரம் உள்ளது கண்கள் உள்நோக்கித் திரும்பாத குறைக்குத்தான். அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்து நடந்து, 2008-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் 12 வாரம் முறையான கண் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் அது 43 சதவீதம்தான். மேல்கீழ் விலகலுக்குப் பட்டகக் கண்ணாடி தருவதுண்டு. ஆனால் நாள்பட்ட தலைசுற்றலை அது எந்த அளவுக்குத் தீர்க்கும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தலைசுற்றலுக்குக் காதுக் கோளாறு, ரத்தசோகை, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி என்று வேறு காரணங்களும் நிறைய உண்டு. அவற்றையும் பார்த்தாக வேண்டும். வாசிக்கும்போது ஒரு கண்ணை மூடினால் தேவலை என்று தோன்றினால், அந்த ஒரு தகவலைக் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்வது நல்லது. ஆனால் திடீரென்று இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கைகால் பலமிழப்பது எல்லாம் பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது போக வேண்டிய இடம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு, கண்ணாடிக் கடை அல்ல.