பூனை சுவரை நனைத்தால்...

சான்பாடா, வாஷி அடுக்குமாடிகளில் பூனை வளர்க்கும் நம்மவர்கள் சந்தித்தால் தயங்கித் தயங்கிச் சொல்லும் குறை ஒன்று உண்டு. "சோபா ஓரம், திரைச்சீலை, எல்லா இடத்திலும் சிறுநீர் அடித்து வைக்கிறது. நாற்றம் தாங்கவில்லை!" மழைக்காலத்தில் ஜன்னலை மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். சிலர் பொறுமை இழந்து மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சோறு தின்ற பூனை தெருவில் பிழைப்பது கடினம். பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ரயில்வேயில் பழுது என்றால் முதலில் காரணத்தைத் தேடுவோம். பிறகுதான் ஸ்பேனரை எடுப்போம். இங்கும் அதே முறைதான்.

பூனை உட்கார்ந்து தரையில் போகிறதா, நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிச் சுவரில் பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். முன்னதற்கு மணல் தட்டின் அசுத்தமோ நோயோ காரணமாகலாம். ஆண் பூனை முக்கியும் சொட்டு வராவிட்டால் சிறுநீர்ப் பாதை அடைப்பு. தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பின்னது, "இது என் எல்லை" என்று பூனை மாட்டும் பெயர்ப்பலகை. இதற்கு முதல் மருந்து கருத்தடை ஆபரேஷன். பத்து ஆண் பூனைகளில் சுமார் ஒன்பதுக்கு இதனால் பழக்கம் நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும். ஆனால் சில வாரம் பொறுக்க வேண்டும். பெண் பூனையும் சில சமயம் பீய்ச்சும். குர்லாவில் வண்டி மாறிப் பரேலில் இறங்கினால் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர்ந்தால் பால்கனியைப் பாருங்கள். வெளிப்பூனை வந்து உட்கார்ந்தால் உள்பூனைக்குப் பதற்றம். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டுங்கள். இரண்டு பூனை என்றால் மூன்று மணல் தட்டு வையுங்கள்.

நனைந்த இடத்தில் பினாயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள பீனாலைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது, அது விஷம். அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம். சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் மறுபடி அங்கேயே அடிக்கத் தூண்டும். என்சைம் கலந்த சலவைத்தூளைக் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள்.

அடிக்க மட்டும் கை ஓங்காதீர்கள். பயந்த பூனை இன்னும் அதிகமாகவே பீய்ச்சும்.